கூரை உங்களுடையது, கரண்ட் பில் யாருடையது?



இரண்டு மாதத்திற்கு ஒரு முறை கரண்ட் பில் வருகிறது. வந்த அன்று கொஞ்சம் முனகுகிறோம். கட்டிய மறுநாள் மறந்து விடுகிறோம். பெட்ரோல் பங்கில் இருநூறு ரூபாயை நீட்டும்போது அந்த முனகல்கூட வருவதில்லை. காதர்பேட்டைக் கடையில் ஒரு டஜன் பனியனுக்கு ஐந்து ரூபாய் குறைத்துக் கேட்கும் வெளியூர் வியாபாரியிடம் அரை மணி நேரம் வாதாடத் தெரிந்த நாம், இந்த இரண்டு செலவையும் மட்டும் கணக்குப் பார்க்காமல் கட்டிக் கொண்டிருக்கிறோமே, ஏன்?

இதே மாவட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் கணக்கைப் போட்டவர்கள் இருக்கிறார்கள். பல்லடத்திலிருந்து உடுமலைப்பேட்டை சாலையில் ஒரு முறை போய்ப் பாருங்கள். இருபுறமும் நிற்கும் காற்றாலைகள் யாருடையவை? பாலக்காட்டுக் கணவாய் வழியாக மே மாதம் தொடங்கி செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குக் காற்று இறைவன் எல்லோருக்கும் தந்தது. அதைப் பிடித்துக் காசாக்கியவர்கள் நூற்பாலை முதலாளிகளும் பெரிய பனியன் ஏற்றுமதியாளர்களும். 1990களில் காற்றாலையில் போட்ட பணம் முழுவதையும் முதல் ஆண்டிலேயே தேய்மானமாக எழுதிக் கொள்ளலாம் என்று மத்திய அரசு வருமான வரிச் சலுகை தந்தது. ஆலை வைத்தவர்கள் உற்பத்தியாகும் மின்சாரத்தை மின்வாரியத்தின் கம்பியில் விட்டார்கள். தங்கள் ஆலையின் பில்லில் அதைக் கழித்துக் கொண்டார்கள். தமிழகத்தின் காற்றாலைத் திறன் இன்று 11,000 மெகாவாட்டைத் தாண்டி நிற்கிறது. பல ஆண்டுகள் நாட்டிலேயே முதலிடத்தில் இருந்து, அண்மையில்தான் குஜராத்திற்கு அந்த இடத்தை விட்டுக் கொடுத்தோம். திருப்பூரின் தேவையைப் போலப் பல மடங்கு காற்று, சூரிய மின்சாரத்தைத் திருப்பூர்த் தொழிலே உண்டாக்குகிறது என்று ஏற்றுமதியாளர்கள் பெருமையாகச் சொல்கிறார்கள்.

பெருமைதான். அதில் குற்றம் காண நான் வரவில்லை. ஆனால் அந்தப் பெருமையில் பவர் டேபிள் பத்து போட்டு ஜாப் ஒர்க் செய்பவருக்குப் பங்கு இருந்ததா? காதர்பேட்டைக் கடைக்காரருக்கு இருந்ததா? லைன் வீட்டில் குடியிருக்கும் டெய்லருக்கு இருந்ததா?

2012ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். சென்னைக்கு வெளியே பன்னிரண்டு மணி நேரம், பதினான்கு மணி நேரம் மின்வெட்டு. சொந்தக் காற்றாலை வைத்திருந்தவருக்கும் மின்வெட்டு இருந்தது. ஆனால் அவரிடம் ஜெனரேட்டரும் டீசல் வாங்கப் பணமும் இருந்தன. ஜெனரேட்டர் இல்லாத சிறு கம்பெனிகள் கரண்ட் வரும் நேரத்திற்காகக் காத்துக் கிடந்தன. இரவு இரண்டு மணிக்குக் கரண்ட் வந்தால் இரண்டு மணிக்குத் தையல். சொன்ன தேதியில் சரக்குக் கொடுக்க முடியாமல் ஆர்டரை இழந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! பெரியவன் தாங்கிக் கொண்டான், சிறியவன் கடனாளியானான்.

இப்போது இரண்டாவது வாய்ப்பு வந்திருக்கிறது. காற்றாலைக்குக் கோடிகள் வேண்டியிருந்தன. சூரிய மின்சாரத்திற்கு ஒரு மொட்டை மாடி போதும். ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் நூறு சதுர அடி. நம் ஊர் வெயிலில் ஒரு கிலோவாட் நாளொன்றுக்கு ஏறத்தாழ நான்கு யூனிட் தரும்.

இந்த ஊர்த் தொழிலே ஒரு மாற்றத்தில் பிறந்ததுதான். 1925ஐ ஒட்டி நம் சமுதாயத்தைச் சேர்ந்த குலாம் காதர் இங்கே முதல் பின்னலாடைக் கூடத்தை ஆரம்பித்தார் என்று தொழில் வரலாறு எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். அந்தக் காலத்து இயந்திரங்கள் கையால் சுற்றப்பட்டவை. 1930களில் நீலகிரியின் பைக்காரா நீர்மின்சாரம் கோவை வட்டாரத்திற்கு இறங்கி வந்தபோது, கையால் சுற்றியவர்கள் மோட்டாருக்கு மாறினார்கள். மாறாதவர்களின் பெயர் இன்று யாருக்கும் தெரியாது.

வீட்டுக் கணக்கு

மத்திய அரசு 2024 பிப்ரவரியில் பி.எம். சூர்யகர் என்ற திட்டத்தைக் கொண்டு வந்தது. வீட்டு மாடியில் சோலார் வைத்தால் ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், இரண்டுக்கு 60,000, மூன்று கிலோவாட்டும் அதற்கு மேலும் என்றால் 78,000 ரூபாய் மானியம். நாடெங்கும் ஒரு கோடி வீடுகள் இலக்கு. 2026-27 நிதியாண்டு வரை நடக்கும் என்று அறிவிக்கப்பட்ட திட்டம் இது. மூன்று கிலோவாட் அமைக்கச் சுமார் இரண்டு லட்சம் ஆகும். மானியம் போக உங்கள் கைக்காசு ஒன்றேகால் லட்சத்தை ஒட்டி நிற்கும். 2025 செப்டம்பர் 22 முதல் சோலார் கருவிகளுக்கான ஜி.எஸ்.டி.யும் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது.

உடனே ஏஜெண்டைக் கூப்பிட்டு விடாதீர்கள்! முதலில் பில்லை எடுத்துப் பாருங்கள்.

2024 ஜூலையில் அமலான கட்டணப்படி, இரண்டு மாதத்தில் 300 யூனிட் ஓட்டும் குடும்பம் கட்டுவது எழுநூறு ரூபாய் சொச்சம். முதல் 100 யூனிட் எல்லோருக்கும் இலவசம், அடுத்த யூனிட்டுகளுக்கும் அரசு மானியம் இருக்கிறது. இந்தக் குடும்பம் ஒரு கிலோவாட் வைத்தால் போட்ட காசு திரும்பப் பத்துப் பதினோரு ஆண்டு ஆகும். அவசரப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஏ.சி. ஓடும் வீடு, கூட்டுக் குடும்பம், இரண்டு மாதத்தில் 700 யூனிட் என்றால் கதை வேறு. 500 யூனிட்டைத் தாண்டியவுடன் கட்டண விகிதமே மாறி, மேலே போகப் போக யூனிட் ஒன்பது ரூபாயைத் தாண்டுகிறது. அந்த வீட்டுப் பில் நான்காயிரத்தை ஒட்டி வரும். மூன்று கிலோவாட் சோலார் இரண்டு மாதத்தில் தருவதும் சுமார் 700 யூனிட். ஐந்து ஆண்டுகளில் முதல் திரும்பி விடும். பலகைகள் இருபத்தைந்து ஆண்டு உழைக்கக் கூடியவை. வியாபாரிக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையா?

ஏஜெண்டுகள் சொல்லாமல் விடும் ஒரு விஷயத்தையும் கேட்டுக் கொள்ளுங்கள். பேட்டரி இல்லாமல் மின்வாரியக் கம்பியோடு இணைக்கும் சோலார், கரண்ட் போனால் தானும் நின்று விடும். கம்பியில் வேலை செய்யும் லைன்மேன் உயிருக்கு ஆபத்து வராமல் இருக்கவே அப்படி அமைத்திருக்கிறார்கள். "சோலார் வைத்தேன், பட்டப்பகலில் ஃபேன் ஓடவில்லையே" என்று பிறகு ஏமாறாதீர்கள். உங்கள் இணைப்புக்கு அனுமதிக்கப்பட்ட கிலோவாட் அளவுக்கு மேல் சோலாரும் வைக்க முடியாது. இன்னொன்று: பலகையைக் கழுவ நம் ஊர் போர் தண்ணீரை அப்படியே ஊற்றினால் உப்பு படிந்து வெள்ளை பூத்து விடும். நல்ல தண்ணீரில் துடைக்க வேண்டும்.

சமையலறைக்குக் கரண்ட் அடுப்பு நல்லதுதான். நம் நாடு எரிவாயுவில் பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்து, பெரும்பாலும் வளைகுடாவிலிருந்து, வாங்குகிறது. அங்கே ஒரு குண்டு விழுந்தால் இங்கே சிலிண்டர் விலை ஆடுகிறது. பால் காய்ச்ச, டீ போட, சோறு வடிக்க இண்டக்‌ஷன் தாராளம். வலீமாவுக்கு ஐம்பது படி பிரியாணியை அதில் தம் போடச் சொன்னால் பண்டாரி கரண்டியைப் போட்டு விட்டுப் போய் விடுவார், அதுவும் உண்மை. சாயப்பட்டறை பாய்லருக்கு எரியும் விறகையும் நம் மாடிச் சோலார் மாற்றி விடாது. எல்லாம் நாளையே மாறிவிடும் என்று நான் சொல்லவில்லை. மாறக் கூடியதைப் பற்றித்தான் பேசுகிறேன்.

லைன் வீடு

இனித்தான் நான் பேச வந்த விஷயத்திற்கு வருகிறேன். நம் வியாபாரிகளில் கொஞ்சம் கை ஊன்றியவர்கள் முதலில் செய்வது என்ன? ஒரு இடம் வாங்கி வரிசையாகப் பத்து அறை கட்டி வாடகைக்கு விடுவது. திருப்பூரே லைன் வீடுகளில்தான் குடியிருக்கிறது. மதுரைக்காரர், தேனிக்காரர், ஒடிசாக்காரர், பீகார்க்காரர் எல்லோரும் அந்தப் பத்துக்குப் பத்து அறைகளில்தான் இருக்கிறார்கள். நம் சொந்த ஜமாஅத்து மக்களில் பாதிப் பேரும் அங்கேதான்.

அந்த அறைகளின் கரண்ட் கணக்கைக் கொஞ்சம் பார்ப்போமா?

பத்து அறை, ஒரே இணைப்பு, அறைக்கு அறை சப் மீட்டர். ஒரு அறைக்கு இரண்டு மாதத்தில் 100 யூனிட் என்று வையுங்கள். ஒரு ஃபேன், ஒரு லைட், ஒரு டி.வி., ஒரு மிக்ஸி, அவ்வளவுதான். மொத்தம் 1,000 யூனிட். வாரியம் அனுப்பும் பில் ஏறத்தாழ ஏழாயிரம் ரூபாய். வீட்டுக்காரர் யூனிட்டுக்குப் பத்து ரூபாய் வீதம் வசூலிக்கிறார். பத்தாயிரம். மிச்சம் மூவாயிரம் அவர் பையில்.

இதே பத்துக் குடும்பங்களுக்கும் தனித்தனி இணைப்பு இருந்திருந்தால் அவர்கள் கட்ட வேண்டிய தொகை எவ்வளவு? ஒரு பைசாவும் இல்லை! முதல் 100 யூனிட் இலவசம் என்று 2016ல் அரசு அறிவித்ததே, அது இந்த ஏழைகளுக்காகத்தானே? ஏ.சி. போட்ட மாடி வீட்டுக்காரருக்கு அந்த 100 யூனிட் கிடைக்கிறது. பவர் டேபிளில் காலை எட்டரையிலிருந்து இரவு எட்டரை வரை உட்கார்ந்து இடுப்பொடியும் பெண்ணுக்குக் கிடைப்பதில்லை. அவள் இரண்டு மாதத்திற்கு ஆயிரம் ரூபாய் கட்டுகிறாள்.

சகோதரரே, அந்த வீட்டுக்காரர் நீங்களாக இருக்கலாம். கோபப்படாதீர்கள். "எல்லாரும் செய்கிறார்கள், நானும் செய்கிறேன், மீட்டர் ரிப்பேர், வயரிங், மோட்டார் செலவு யார் தருவது?" என்பீர்கள். நியாயமான செலவை வாங்குங்கள், யார் தடுத்தார்கள்? ஆனால் எடை குறைத்து விற்பதைக் கடையில் ஹராம் என்று சொல்லும் நாம், வாடகைக்காரருக்குச் சேர வேண்டிய இலவச யூனிட்டை நம் பையில் போட்டுக் கொள்வதற்கு என்ன பெயர் வைப்போம்? நீரையும் நெருப்பையும் மக்களுக்குப் பொதுவில் வைத்த மார்க்கம் அல்லவா நம்முடையது? மின்சாரம் இந்தக் காலத்து நெருப்பு.

அதனால் உங்களுக்கு நட்டமா? கேளுங்கள். இரண்டு வழிகள் இருக்கின்றன.

தனிச் சமையலறையோடு தனிக் குடித்தனமாக இருக்கும் வீடுகளுக்குத் தனி இணைப்புக் கேட்டு விண்ணப்பிப்பது முதல் வழி. அலைச்சல் உண்டு, முன்பணம் கட்ட வேண்டும். ஆனால் அதன் பிறகு கரண்ட் தகராறு உங்கள் தலையில் இல்லை. வாடகையை நேர்மையாகக் கேட்டு வாங்கலாம்.

தனி இணைப்புக்கு வழியில்லாத இடத்தில் இரண்டாவது வழி, அந்த லைன் வீட்டுக் கூரையில் மூன்று கிலோவாட் சோலார். முன்னே சொன்ன 1,000 யூனிட்டில் 700 யூனிட்டைச் சூரியன் தந்து விடும். வாரியத்திற்கு மிச்சம் 300 யூனிட். பில் எழுநூறு ரூபாய் சொச்சம்! இப்போது நீங்கள் வாடகைக்காரரிடம் யூனிட்டுக்குப் பத்துக்குப் பதில் ஐந்து ரூபாய் மட்டும் வாங்குங்கள். ஐயாயிரம் வரும். பில் போக உங்கள் கையில் நாலாயிரத்து முந்நூறு ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவாக நிற்கும். முன்பு நின்றது மூவாயிரம். அவர்கள் ஒவ்வொருவருக்கும் ஐந்நூறு மிச்சம், உங்களுக்கும் ஆயிரத்துக்கு மேல் கூடுதல். வாரியத்திற்குக் கட்டும் தொகை குறைவதை மட்டும் பார்த்தால், போட்ட முதல் மூன்றரை ஆண்டுக்குள் திரும்பி விடுகிறது. சொந்தக் குடித்தன வீட்டில் ஐந்து ஆண்டு என்றோமே, லைன் வீட்டில் அதைவிட வேகம். காரணம் எளிது. பத்துக் குடும்பத்தின் யூனிட்டும் ஒரே மீட்டரில் சேர்வதால் உச்ச விகிதத்தில் பில் வருகிறது. சோலார் முதலில் அடித்துத் தள்ளுவது அந்த உச்ச விகித யூனிட்டுகளைத்தான்.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட லைன் வீடு என்றால் ஷீட்டின் மேல் பாரம் ஏற்றக் கூடாது, தனி இரும்புத் தாங்கி அடிக்க வேண்டும், செலவு கூடும். ஓடு, ஷீட் எல்லாம் கணக்கில் எடுத்துத்தான் விலை பேச வேண்டும். பக்கத்தில் நாலு மாடி எழும்பி நிழல் விழும் இடமென்றால் விட்டு விடுங்கள், வேறு கூரையைப் பாருங்கள்.

வண்டி

கூரை இல்லாத இளைஞர்களே, உங்களுக்கு என்ன வழி என்கிறீர்களா? உங்கள் கூரை இரண்டு சக்கரத்தில் ஓடுகிறது.

நாளொன்றுக்கு முப்பது கிலோமீட்டர் ஓடும் ஸ்கூட்டருக்கு மாதம் பதினாறு, பதினேழு லிட்டர் பெட்ரோல் வேண்டும். லிட்டர் நூறு ரூபாயை ஒட்டி நிற்கும் விலையில் ஆயிரத்து அறுநூறு, எழுநூறு ரூபாய். அதே தூரத்திற்கு மின்சார ஸ்கூட்டர் குடிப்பது முப்பது யூனிட்டுக்கும் குறைவு. யூனிட் பத்து ரூபாய் போட்டாலும் முந்நூறு ரூபாய்தான். ஆயில் மாற்ற வேண்டாம், கார்ப்பரேட்டர் அடைப்பு இல்லை. இந்த வண்டிகள் எங்கோ சீனாவில் செய்தவை என்று நினைக்காதீர்கள். ஓசூரிலும் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் ராணிப்பேட்டையிலும் நம் தமிழ்ப் பிள்ளைகள், அதிலும் பெண் பிள்ளைகள், பூட்டி அனுப்புகிறார்கள். ஆம்பியர் வண்டி பிறந்ததே 2008ல் பக்கத்துக் கோவையில். சரக்கு ஏற்றும் மூன்று சக்கர வண்டியிலும் சின்ன லாரியிலும் மின்சார வகை வந்து விட்டது. கட்டிங் கூடத்திலிருந்து ஸ்டிச்சிங், அங்கிருந்து செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று நாள் முழுவதும் ஊருக்குள்ளேயே மூட்டை சுமக்கும் ஓட்டம் நம் திருப்பூர் ஓட்டம். இந்தக் குறுந்தூர ஓட்டத்திற்கென்றே செய்தது போன்ற வண்டி அது.

விலையில் மட்டும் ஏமாறாதீர்கள். மத்திய அரசின் மின்வாகன மானியம் முன்பு போல் இல்லை, ஆண்டுக்கு ஆண்டு சுருங்கி விட்டது. பெட்ரோல் ஸ்கூட்டருக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பரில் 28லிருந்து 18 சதவீதமாக இறங்கியதால் விலை வித்தியாசமும் மாறியிருக்கிறது. தினமும் ஐந்து கிலோமீட்டர் மட்டும் ஓட்டுகிறவர் இருக்கும் வண்டியைத் தேயும்வரை ஓட்டட்டும். முப்பது, நாற்பது ஓட்டுகிறவர்தான் கணக்குப் போட வேண்டும். பேட்டரிக்கு எத்தனை ஆண்டு உத்தரவாதம், எழுத்தில் உண்டா, சர்வீஸ் இங்கே திருப்பூரில் கிடைக்குமா என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

உயிர் சம்பந்தப்பட்ட ஒரு விஷயம். 2022 மார்ச்சில் வேலூரில் இரவு வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்சார வண்டி தீப்பிடித்து ஒரு தந்தையும் மகளும் மூச்சுத் திணறி இறந்தார்கள். அதன் பிறகு பேட்டரிப் பாதுகாப்பு விதிகளை மத்திய அரசு கடுமையாக்கியது. ஆயினும் விதி காகிதத்தில் இருக்கும், பஞ்சும் துணியும் நம் குடோனில் இருக்கும். 2023 ஜூனில் காதர்பேட்டையில் ஏறத்தாழ ஐம்பது பனியன் கடைகள் எரிந்து சாம்பலானதை மறந்து விட்டோமா? அது வண்டியால் வந்த தீ என்று நான் சொல்லவில்லை. துணிக்கு நடுவில் தீ எப்படிப் பரவும் என்பதைச் சொல்கிறேன். எனவே குடோனுக்குள், கடைக்குள், படுக்கும் அறைக்குள், மாடிப்படி வாசலில் சார்ஜ் போடாதீர்கள். வெளியே, காற்றோட்டமான இடத்தில், எர்த் சரியாக உள்ள பிளக்கில், கம்பெனி கொடுத்த சார்ஜரில் மட்டும்.

இங்கேதான் மறுபடியும் வீட்டுக்காரரிடம் வருகிறோம். லைன் வீட்டில் இருக்கும் பையன் இந்த வண்டியை வாங்கினால் எங்கே சார்ஜ் போடுவான்? "பிளக் தர மாட்டேன்" என்றால் அவன் வாழ்நாள் முழுவதும் பெட்ரோல் பங்க்தான். லைன் வீட்டு முற்றத்தில் ஒரு தகரக் கொட்டகை, நாலு பிளக், ஒரு தனிச் சப் மீட்டர். வார விடுமுறையன்று பகலில், வெயில் இருக்கும்போது சார்ஜ் போட்டால் உங்கள் கூரை மின்சாரமே அந்த வண்டிக்குப் போகும். காசு வாங்கிக் கொள்ளுங்கள், பிளக்கைக் கொடுங்கள்.

அரசாங்கம் செய்ய வேண்டியது

மேலே சொன்ன மானியம் வீடுகளுக்குத்தான். கடைக்கு இல்லை, பனியன் கம்பெனிக்கு இல்லை, பள்ளிவாசலுக்கும் இல்லை. பத்துப் பவர் டேபிள் போட்டவர் தன் சொந்தக் கூரையில் தன் சொந்தக் காசில் சோலார் வைத்தால், பாராட்ட வேண்டிய வாரியம் அவரிடம் நெட்வொர்க் கட்டணம் கேட்டது. 2022 செப்டம்பரில் நிலைக்கட்டணத்தை ஏற்றினார்கள், காலை மாலை உச்ச நேரத்திற்குத் தனிக் கட்டணம் போட்டார்கள். பொறுக்க முடியாமல் 2023 செப்டம்பர் 25ஆம் தேதி தமிழகமெங்கும் சிறுதொழில் கூடங்கள் ஒரு நாள் கதவடைத்தன. அதன் பின் கொஞ்சம் இறங்கி வந்தார்கள். விசைத்தறிக்கு 2023 முதல் இரண்டு மாதத்திற்கு 1,000 யூனிட் இலவசம் தர முடிந்த அரசுக்கு, சிறு தையல் கூடத்தின் கூரையிலிருந்து வரும் மின்சாரத்தைக் கூலி கேட்காமல் ஏற்றுக் கொள்ள முடியாதா? லைன் வீட்டுக் குடும்பங்களுக்கு 100 யூனிட் நேராகப் போய்ச் சேர ஒரு வழி காண முடியாதா? 2024ல் வாரியத்தைப் பிரித்துப் பசுமை எரிசக்திக்கென்றே தனிக் கழகம் உண்டாக்கினார்கள். அதன் வாசலில் நாம் மனுவோடு நிற்க வேண்டும்.

தள்ளிப் போடுவதன் விலையைத் திருப்பூரைவிட யார் அறிவார்? நொய்யலில் சாயக்கழிவு விட வேண்டாம் என்று ஒரத்துப்பாளையத்து விவசாயிகள் ஆண்டுக் கணக்கில் கதறினார்கள். நாளை பார்க்கலாம் என்றோம். 2011 ஜனவரி 28ல் சென்னை உயர்நீதிமன்றம் ஒரே உத்தரவில் எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளைப் பூட்டியது. முதலில் பசித்தது தினக்கூலிக்காரன் வயிறு. இன்று வெளிநாட்டுக் கம்பெனிகள் சட்டையின் விலையோடு, எந்த மின்சாரத்தில் தைத்தாய் என்றும் கேட்கின்றன. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது எவ்வளவு மெல்லிய லாபத்தில் இந்த ஊர் நிற்கிறது என்று உலகமே பார்த்தது. யூனிட்டுக்கு ஐம்பது பைசா குறைந்தாலும் அது இங்கே ஒருவனின் வேலை.

வட்டி

"எல்லாம் சரி ஹஜ்ரத், இரண்டு லட்சத்திற்கு எங்கே போவது? வங்கியில் கேட்டால் வட்டி." ஜும்ஆ முடிந்து வெளியே வந்தால் இதுதான் முதல் கேள்வி. நியாயமான கேள்வி. சோலாருக்கென்று பிணையில்லாமல் குறைந்த வட்டிக்கு வங்கிகள் கடன் தருகின்றன. குறைந்தாலும் வட்டி வட்டிதான். வட்டிக்குப் பயந்து ஒதுங்குகிறவர் நட்டப்படுவதும், பயப்படாதவர் முன்னே போவதும் இந்தக் காலத்துச் சோதனை.

ஆனால் வழியே இல்லையா? பூட்டிய சாயப்பட்டறைகளைத் திறக்கப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்குத் தமிழக அரசு 200 கோடி ரூபாயை வட்டியில்லாக் கடனாகத் தந்தது. அரசே தந்திருக்கிறது, அதுவும் இதே திருப்பூரில்! அதே கோரிக்கையைக் கூரைச் சோலாருக்கும் வைப்போம். அரசு தரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். நம் வீட்டுப் பெண்கள் குலுக்கல் சீட்டு நடத்துகிறார்களே, வட்டியும் கிடையாது, தள்ளும் கிடையாது. மாதம் ஒருவருக்கு மொத்தத் தொகை. அதே முறையில் லைன் வீடு வைத்திருக்கும் பத்து வியாபாரிகள் மாதம் 20,000 போட்டால் மாதத்திற்கு ஒரு கூரை. பத்து மாதத்தில் பத்துக் கூரை, நூறு குடும்பங்கள். மானியம் வேலை முடிந்த பிறகுதான் வங்கிக் கணக்கில் வரும் என்பதால் முழுத் தொகையும் முதலில் வேண்டும். சீட்டுக்கு அது பொருத்தமும்கூட. இல்லையென்றால் விலையை முன்பே முடித்துத் தவணையில் தரும் வியாபாரியிடம் வாங்குங்கள். தவணை தாமதமானால் விலை ஏறும் என்ற நிபந்தனை இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.

தையல் மிஷின் வாங்கிக் கொடுக்கும் பைத்துல்மால்கள் நம்மிடம் இருக்கின்றன. மங்கலத்திலும் பெரியதோட்டத்திலும் காங்கேயம் சாலையிலும் இருக்கும் ஜமாஅத் நிர்வாகிகள் அடுத்த கூட்டத்தில் ஒரு தாளை எடுக்கட்டும். மஹல்லாவில் எத்தனை லைன் வீடுகள், எத்தனை அறைகள், எத்தனை இணைப்புகள், யூனிட்டுக்கு என்ன வாங்குகிறார்கள் என்று எழுதட்டும். இளைஞர்கள் இரண்டு ஞாயிற்றுக்கிழமை நடந்தால் முடிகிற வேலை. அந்தத் தாளில் முதல் பெயராக நிர்வாகியின் சொந்த லைன் வீடு இருக்கட்டும்.